கடைசி மூன்று வாரம்

தை பிறந்தால் செக்கடிக்குப் புது எள் வரத் தொடங்கும். அருப்புக்கோட்டையில் நான் எண்ணெய் வாங்கும் இடத்தில் அன்று இரண்டு மூட்டைகள் அவிழ்ந்து கிடந்தன. இரண்டும் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி எள். ஒரே ஊர், ஒரே ரகம், அடுத்தடுத்த புஞ்சை. செக்குக்காரர் முதல் மூட்டையில் ஒரு கை அள்ளிக் கட்டைவிரலால் நெரித்தார், விரல் பளபளத்தது. இரண்டாவதில் அள்ளியதை உள்ளங்கையில் பரப்பி ஊதினார். கால்வாசி பறந்து போனது.

"இது பிந்தி விதைச்ச எள்ளு சார். முத்துற நேரத்துல ஈரம் காணல. ஆட்டுனா புண்ணாக்குதான் சாஸ்தி வரும்."

கொண்டு வந்த சம்சாரி மறுக்கவில்லை. ஐப்பசியில் மழை பெய்தபோது டிராக்டர் கிடைக்காமல் விதைப்பு மூன்று வாரம் தள்ளிப்போனதாம். அவர் கவனம் எதிர்க்கடைக்குப் போயிருந்தது. அங்கே சரம் சரமாகத் தொங்கிய ஆளி விதைப் பொட்டலங்களைக் காட்டி, "அதுவும் எண்ணெய் வித்துதான சார்? எள்ளைவிடக் கூட விக்கிதே, அதைப் போட்டா என்ன?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. மண் ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த அத்தியாயம்.

செடிக்கு எண்ணெய் என்பது செலவு கூடிய சரக்கு. இலையில் உருவாகும் சர்க்கரைதான் அதன் ஒரே கைமுதல். ஒரு கிராம் மாவுச்சத்து செய்ய ஏறத்தாழ 1.2 கிராம் குளுக்கோஸ் போதும். ஒரு கிராம் எண்ணெய் செய்ய 3 கிராம் வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த பென்னிங் டி ஃப்ரீஸும் அவருடைய கூட்டாளிகளும் 1974இல் போட்ட கணக்கு இது. இவ்வளவு செலவழித்து ஏன் எண்ணெய் செய்ய வேண்டும்? இடம் போதாததால்தான். ஆயிரம் எள்ளை நிறுத்தால் 3 கிராம் வந்தால் அதிகம். அவ்வளவு சின்ன விதைக்குள், முளைத்து முதல் இலை விரிகிற வரைக்குமான சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்தாக வேண்டும். எண்ணெயில் எடைக்கு எடை மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி உண்டு. நெல்லும் சோளமும் பெரிய பெட்டியில் துணிமணி அடுக்குகிறவை. எள், சுருக்குப் பையில் பொன் முடிகிற பாட்டி.

பொன் வாங்குவது எப்போதும் கடைசிச் செலவு. பூ மலர்ந்து கருவுற்றதும் முதல் ஒரு வாரம், பத்து நாள் விதை தன் தோலையும் உடம்பையும்தான் கட்டுகிறது. அந்தக் கட்டத்தில் நசுக்கிப் பார்த்தால் நீர்ப்பசைதான் இருக்கும், எண்ணெய் இராது. அதற்கப்புறம் ஏறத்தாழ மூன்று வாரம் எண்ணெய் மளமளவென்று சேர்கிறது. பிறகு விதை காயத் தொடங்கி, கடை அடைத்துவிடுகிறது. எள்ளுக்கும் ஆளிக்கும் சூரியகாந்திக்கும் நாள் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், வரிசை ஒன்றுதான்.

செக்குக்காரர் ஊதிய எள் ஏன் பறந்தது என்பதற்கு விடை இந்த வரிசையில் இருக்கிறது. தோல் முந்தி முடிந்துவிடுகிறது; எண்ணெய் பிந்தி வருகிறது. நடுவில் ஈரம் அறுந்தால் தோல் அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு இராது. பார்வைக்கு எள், எடைக்குப் பொக்கு. நல்ல எள்ளில் சரிபாதி, சில ரகங்களில் அதற்கும் மேலே எண்ணெய் உண்டு. பாதியில் நின்ற விதையில் அந்த விகிதம் சரிவதற்கு, எண்ணெய் குறைந்ததைப் போலவே தோலின் பங்கு கூடியதும் காரணம்.

இனி ஈரக் கணக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு ஆண்டில் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மார்கழி நடுவில் வானம் வெளுத்த பிறகு செடி குடிப்பதெல்லாம் மண் பிடித்து வைத்த தண்ணீரைத்தான். ஆழமான கரிசல் இதில் கெட்டிக்காரி. அதன் களிமண் நனைந்தால் உப்பி, ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குள் செடிக்கு எட்டக்கூடிய 150 முதல் 250 மில்லிமீட்டர் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். அந்தச் சேமிப்பை நம்பித்தான் இங்கே பருத்தியும் சோளமும் மல்லியும் மிளகாயும் மழையில்லாத மாதங்களைத் தாண்டுகின்றன. செவல் அவ்வளவு பிடிக்காது. பெய்தது சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் எள்ளுக்குக் கரிசலில் வேறு ஆபத்து: இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டிச் செடி சாயும். அதனால்தான் பழகிய சம்சாரிகள் எள்ளுக்கு மேட்டுப் புஞ்சையாகப் பார்ப்பார்கள். எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு என்று சொல்லி வைத்ததும் விளையாட்டுக்கு இல்லை. மூன்று மில்லிகிராம் எடையுள்ள ஒரு விதை பெருங்கட்டிகளுக்கு நடுவே விழுந்தால் முளை வெளியே வராது.

எள் 80, 85 நாள் பயிர். 35ஆம் நாள் வாக்கில் பூக்கத் தொடங்கி அடியிலிருந்து நுனிக்குப் பூத்துக்கொண்டே போகும். ஐப்பசி முதல் மழைக்கு விழுந்த விதை, எண்ணெய் சேர்க்கிற மூன்று வாரத்தைக் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் கழிக்கும். மண்ணில் இன்னும் தண்ணீர் இருக்கும். மூன்று வாரம் பிந்தி விழுந்தது, வற்றுகிற மண்ணில் அதே வேலையைச் செய்ய வேண்டும். வேருக்குத் தண்ணீர் குறைந்தால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, சர்க்கரை நின்றுவிடும். ஒரு கிராமுக்கு மூன்று கிராம் கேட்கிற எண்ணெய்ப் பிரிவுக்கு அது பெரிய அடி. ஒரே செடியிலும் அடிக்காயில் இருக்கிற கனம் நுனிக்காயில் இராததற்கு இதுவும் ஒரு காரணம்: நுனி கடைசியில் வருகிறது, பந்தியில் மிச்சம் இருந்தால்தான் அதற்கு.

ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓர் உதாரணக் கணக்கு. ஏக்கருக்கு 200 கிலோ எள், அதில் 50 சதவீதம் எண்ணெய் என்றால் கையில் 100 கிலோ எண்ணெய். வறண்ட ஆண்டில் 120 கிலோ எள், 44 சதவீதம் என்று வையுங்கள்: 53 கிலோ. சதவீதம் ஆறு புள்ளிதான் இறங்கியது, எண்ணெய் பாதியாகிவிட்டது. ஆய்வுக்கூடம் முதலாவதைப் பேசும், சம்சாரி இரண்டாவதைப் பேசுவார். இரண்டு பேரும் சரி. எண்ணெய்ச் சதவீதம் என்பது செடி உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றப் பார்க்கிற எண். காய்களை உதிர்க்கும், விதைகளைக் குறைக்கும். மிஞ்சிய விதைக்குள் எண்ணெயைக் கூடியமட்டும் நிரப்பப் பார்க்கும்.

அந்தச் சதவீதத்தை அளக்கும் கருவி பற்றி ஒரு சின்ன விலகல். விதையைப் பொடித்து, கரைப்பானைக் கொதிக்கவைத்து, ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக அதன்மேல் திரும்பத் திரும்ப விழும்படி செய்து எண்ணெயைக் கழுவி எடுக்கும் கண்ணாடிக் கருவி உலகெங்கும் உண்டு. ஜெர்மானியரான ஃபிரான்ஸ் சாக்ஸ்லெட், பாலில் கொழுப்பை அளப்பதற்காக அதைச் செய்த ஆண்டு 1879. திருச்சுழிக்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக மனப்பாடம்: ரமணர் அங்கே பிறந்தது அந்த டிசம்பரில். இரண்டுக்கும் சம்பந்தம் ஏதுமில்லை. எழுதும்போது கண்ணில் பட்டது, விட மனமில்லை.

உரத்துக்கும் ஒரு பங்கு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் விதையில் புரதம் கூடி எண்ணெய் விகிதம் இறங்கும். இரண்டும் ஒரே சர்க்கரைக்குப் போட்டியிடுகின்றன. கந்தகம் இதற்கு நேர் எதிர், எண்ணெய்க்கு ஆதரவு. கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்வது அதன் சுண்ணாம்புச் சத்துக்காக மட்டும் இல்லை, கந்தகத்துக்காகவும்தான். எள்ளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 5 கிலோ மாங்கனீசு சல்பேட்டைச் சிபாரிசு செய்கிறது. அருப்புக்கோட்டையை ஒட்டிய கோவிலாங்குளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மண்ணுக்கு எது எவ்வளவு என்று அங்கே போய்க் கேட்பதே மேல்.

இதுவரை பேசியது எவ்வளவு எண்ணெய் என்பதை. எப்படிப்பட்ட எண்ணெய் என்பது வேறு கதை, ஆளி விதையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது. பக்கத்தில் நல்லெண்ணெய் எப்போதும்போல் ஓடும். எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களின் கட்டு. ஒவ்வொன்றும் ஒரு கரிச் சங்கிலி. சங்கிலி வளைவில்லாமல் நேராக இருந்தால் தீப்பெட்டிக் குச்சிகளைப் போல நெருங்கி அடங்கி உறைந்துவிடும். இடையில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் சங்கிலி மடங்கும். மடங்கிய குச்சிகள் அப்படி அடங்குமா? இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி வரை கட்டியாக இருக்கும். ஒன்று உள்ள ஒலிக் அமிலம் 13 டிகிரியில் உருகும். இரண்டு உள்ள லினோலிக், பூஜ்யத்துக்கு 5 டிகிரி கீழே. மூன்று உள்ள லினோலெனிக், 11 டிகிரி கீழே. நல்லெண்ணெயில் ஒலிக்கும் லினோலிக்கும் ஏறத்தாழச் சமபங்கு. ஆளி எண்ணெயிலோ பாதிக்கும் மேல் லினோலெனிக். ஒமேகா-3 என்று பொட்டலத்தில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அது இதுதான்.

இந்த மூன்றாவது பிணைப்பைச் செடி ஏன் மெனக்கெட்டுச் செய்கிறது? விதை ஒரு நாள் குளிர்ந்த மண்ணில் முளைக்க வேண்டும். உறைந்துபோன எண்ணெயை நொதிகளால் கரைத்துச் சாப்பிட முடியாது. 2000இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ராண்டல் லிண்டர், பல நூறு தாவரங்களின் விதை எண்ணெயை ஒப்பிட்டு இந்தப் போக்கைக் காட்டினார்: வெப்ப நாட்டு விதைகளில் உறையும் எண்ணெய் கூடுதல், வடக்கே போகப் போக இளகும் எண்ணெய் கூடுதல். தென்னை எந்த ஊர்க்காரி, ஆளி எந்த ஊர்க்காரி என்பதை அவற்றின் எண்ணெயே சொல்லிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரஷ்யாவின் எஸ். இவானோவ், ஒரே ஆளியை வடக்கே விதைத்தால் எண்ணெயின் அயோடின் எண் ஏறுகிறது என்பதைக் கவனித்திருந்தார். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பதே அந்த எண். இரட்டைப் பிணைப்பு எவ்வளவோ அவ்வளவு. தேங்காய்க்கு 10க்குள், நல்லெண்ணெய்க்கு 110 சுற்றி, ஆளிக்கு 170 முதல் 200 வரை.

குளிர்தான் காரணமா, வடக்கின் நீண்ட பகலா, மண்ணா? வயலில் இவற்றைப் பிரிக்க முடியாது. கனடாவின் டி. டி. கேன்வின் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூண்டுக்குள் வைத்துப் பார்த்தது. 10 டிகிரி முதல் 26.5 டிகிரி வரை வெவ்வேறு வெப்பத்தில் ஐந்து எண்ணெய் வித்துகளை முற்றவைத்தார். ஆளியில் சூடு ஏற ஏற எண்ணெயும் குறைந்தது, எண்ணெய்க்குள் லினோலெனிக்கும் குறைந்தது. சூரியகாந்தியில் லினோலிக் இறங்கி ஒலிக் ஏறியது. ஆமணக்கும் குசும்பாவும் தங்கள் எண்ணெயின் தன்மையை மாற்றிக்கொள்ளவே இல்லை. நம் வேலியோரத்து ஆமணக்கின் அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த வெயிலுக்கும் அதே விளக்கெண்ணெய்.

செடிக்குள் நடப்பது இது. ஒலிக்கிலிருந்து லினோலிக்கும், அதிலிருந்து லினோலெனிக்கும் செய்ய இரண்டு நொதிகள் படிப்படியாகப் பிணைப்பைப் போடுகின்றன. சூட்டில் இந்த நொதிகள் சீக்கிரம் சிதைகின்றன. வேலைக்கு வேண்டிய ஆக்சிஜனும் சூடான திசுவில் குறைவாகவே கரையும். அதே நேரம் சூடு விதையின் வளர்ச்சியை விரட்டுகிறது. மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு வாரத்துக்குச் சுருங்குகிறது. இரவும் சூடாக இருந்தால், பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி மூச்சுவிட்டே தீர்த்துவிடும். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2002இல் சூரியகாந்தியை வைத்து, எண்ணெயின் தன்மையை மாற்றுவதில் இரவு வெப்பத்துக்குப் பெரிய கை உண்டு என்று காட்டினார்கள். பகல் வெயிலைப் பற்றிப் புலம்புகிற நாம் கவனிக்காத நேரம் அது.

இப்போது அந்தச் சம்சாரிக்கு வருவோம். மண் ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னது ஏன் தப்பு? பீகாரின் பூசாவில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியல் ஹோவர்டும் நூறு ஆண்டுகளுக்கு முன் இந்திய ஆளி ரகங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தார்கள். கங்கை வண்டல்மண் ரகங்களுக்கு வேர் மேலாகப் பரவியிருந்தது. தக்காணக் கரிசல் ரகங்களுக்கு ஆழமாக, நேராக இறங்கியிருந்தது. பிற்காலத்தில் இயற்கை வேளாண்மைக்காரர்கள் கொண்டாடிய அதே ஹோவர்ட்தான். கரிசல் ரகங்களின் விதை பெரிது, எண்ணெயும் கூடுதல். ஆகக் கரிசலுக்கும் ஆளிக்கும் பகையே இல்லை, பழைய உறவு. மத்தியப் பிரதேசத்திலும் விதர்பாவிலும் சத்தீஸ்கரிலும் மழை நின்ற பிறகு, தேக்கிய ஈரத்தை மட்டும் நம்பி அதை வளர்க்கிறார்கள். நம் டெல்டாவில் நெல் அறுக்குமுன்னே உளுந்து தெளிக்கிறோமே, சத்தீஸ்கரில் அப்படி ஆளியைத் தெளிக்கும் வழக்கம் உண்டு.

நம்மிடம் இல்லாதது மண் அல்ல, இரவு. ஜபல்பூரில் ஜனவரி இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்கும். ஆளி அந்தக் குளிரில் எண்ணெய் கட்டும். 9.5 பாகை அட்சத்தில் இருக்கும் அருப்புக்கோட்டையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. பகல் 30. கார்த்திகையில் ஆளியைத் தெளித்தால் முளைக்கத்தான் செய்யும். காலையில் நீலப் பூ விரித்து மதியத்துக்குள் இதழ் உதிர்க்கும், பார்க்க அழகாக இருக்கும். விதையும் பிடிக்கும். ஆனால் விதை மெலிந்து, எண்ணெய் குறைந்து, குறைந்த எண்ணெய்க்குள் லினோலெனிக்கும் குறைந்திருக்கும். எந்தச் சத்துக்காக ஊர் அதைப் பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறதோ அதுதான் முதலில் போகும்.

பருவநிலை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1980களில் ஆஸ்திரேலியாவின் ஆலன் கிரீன், மரபுத்திரிபு மூலம் லினோலெனிக் அநேகமாக இல்லாத ஆளியையே உண்டாக்கினார். எந்தக் குளிரில் வைத்தாலும் அதில் ஒமேகா-3 ஏறாது. எல்லையை மரபணு வகுக்கிறது, அதற்குள் எந்த இடத்தில் நிற்பது என்பதைக் கடைசி மூன்று வாரம் முடிவு செய்கிறது. எள்ளின் எல்லை வேறு. அது சூட்டுக்குப் பிறந்தது. கொஞ்சம் வெயில் கூடினால் லினோலிக் சற்றுக் குறைந்து ஒலிக் சற்று ஏறும். சமையலுக்கும் சேமிப்புக்கும் அதனால் நட்டம் இல்லை. போதாததற்கு செசமின், செசமோலின் என்ற இரண்டு பொருள்களைத் தன் எண்ணெயோடு சேர்த்து வைத்திருக்கிறது. செசமோலினிலிருந்து பிறக்கும் செசமோல் எண்ணெயைச் சிக்கு வாடை பிடிக்காமல் காக்கிறது. ஆளிக்கு அந்தக் காவல் பலமாக இல்லை. மூன்று பிணைப்பும் காற்றில் உள்ள ஆக்சிஜனுக்குத் திறந்த வாசல். ஆளி எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும். பெயின்டில் சேர்ப்பதும், கிரிக்கெட் மட்டைக்குப் பையன்கள் தடவுவதும் அதனால்தான்.

செக்கில் முதல் மூட்டை விழுந்து சுற்றத் தொடங்கியிருந்தது. எள் மாவாகித் திரண்டதும் செக்குக்காரர் கருப்பட்டியைத் தட்டிப் போட்டார். மாவு சேர்ந்து பிடித்து எண்ணெய் பிரிந்து வர அது உதவும். பொக்கு எள்ளை என்ன செய்வீர்கள் என்றேன். நல்லதோடு கலந்து ஆட்டினால் புண்ணாக்கு எண்ணெயைக் குடித்துவிடும், தனியாகத்தான் ஆட்ட வேண்டும், மாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றார். சம்சாரி தலையாட்டிவிட்டு எதிர்க்கடைக்குத் தேநீர் வாங்கப் போனார்.

நானும் போனேன். நல்லெண்ணெய் டின்கள் கடை வாசலில் வெயில் விழுகிற படியில் அடுக்கியிருந்தன. ஆளி எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணாச்சி உள்ளே போய், குளிர்பெட்டியைத் திறந்து, தயிர்ப் பாக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து கறுப்புக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து வந்தார். "வெளிய வைக்க முடியாது சார், ஒரு மாதிரி வாடை அடிச்சிருது. கரண்டு போனா மொதல்ல இதத்தான் பாக்க வேண்டியிருக்கு."